டொலேடோவில் வாங்கத் தகுந்தது ஏதாவது உண்டா?

கேள்வி, 2024 செப்டம்பர் 21

அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு மாட்ரிட் வருகிறோம். ஒருநாள் டொலேடோ. அங்கே விற்பதெல்லாம் வெளியூர்ச் சரக்கு, ஒரு காசு செலவழிக்காமல் பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டு வா என்கிறார் போய்வந்த நண்பர். உண்மையா? அம்மாவுக்கும் தங்கைக்கும் ஏதாவது வாங்க வேண்டும். பையன் வாள் கேட்கிறான். வீட்டில் பாதிப் பேர் சைவம்.

செப்டம்பர் 21, இரவு

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. சொகொதோவேர் சதுக்கத்திலிருந்து பேராலயம் வரை உள்ள தெருவில் மட்டும் நடந்தவர் அப்படித்தான் சொல்வார். காளை பொம்மை, புள்ளிப் பாவாடை, விசிறி, காந்த வில்லை என்று கடைக்குக் கடை ஒரே சரக்கு. அந்தப் புள்ளிப் பாவாடையும் இந்த ஊருடையது அல்ல, தெற்கே அந்தலூசியாவுடையது. காஞ்சிபுரத்துக்குப் போய் ஜெய்ப்பூர் பொம்மை வாங்கி வருவதைப் போன்றது அது.

ஆனால் டொலேடோவின் சொந்தச் சரக்கு என்று உண்டு. எஃகில் தங்கம் பதிக்கும் வேலை, பாதாம் இனிப்பு, வாளும் கத்தியும். மாகாணத்துக்குள்ளேயே தலவேரா மட்பாண்டம். சுற்றியுள்ள லா மன்சா சமவெளியின் குங்குமப்பூவும் செம்மறியாட்டுப்பால் சீஸும். நான் மாட்ரிட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் டொலேடோவுக்கு அழைத்துப் போவது என் வேலை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

செப்டம்பர் 22

முதலில் தங்கப் பதிப்பு. ஸ்பானிய மொழியில் தமாஸ்கினாதோ. டமாஸ்கஸ் நகரின் பெயரிலிருந்து வந்த சொல்.

கடை அலமாரியில் பார்க்கும்போது கறுப்புத் தட்டில் தங்கப் பூ வரைந்தது போல இருக்கும். வரைந்ததல்ல என்பது பட்டறையில் பார்த்த பிறகுதான் எனக்கு மனதில் பதிந்தது. ஒரு எஃகுத் தகட்டைப் பிசினில் ஒட்டி நிலைநிறுத்துகிறார்கள். கூரான கத்தியால் அதன் முகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுகிறார்கள். கீறல்கள் அவ்வளவு நெருக்கம். விரலால் தடவினால் பூனை நாக்கு போலச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பின் மேல் முடி கனத்துக்குத் தங்கக் கம்பியை வைத்து, உளியால் அழுத்தி, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி நடத்திப் போகிறார்கள். பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது. கீறல்களின் பற்கள்தாம் தங்கத்தைக் கவ்விக்கொள்கின்றன. இலை, இதழ் போன்ற அகலமான இடங்களுக்குத் தங்கத் தகடு.

பிறகு முழுத் துண்டையும் காரச் சோடாவும் வெடியுப்பும் கலந்த கொதிநீரில் இறக்குகிறார்கள். எஃகு கருத்துவிடும். தங்கம் கருப்பதில்லை. வெளியே எடுக்கும்போது கறுப்பு நீரிலிருந்து பூ எழுந்து வருவதுபோல இருக்கும். கடைசியில் நுண்ணிய உளிகளால் ஒவ்வோர் இலைக்கும் நரம்பும் ஒவ்வொரு பறவைக்கும் இறகும் தட்டி முடிக்கிறார்கள். நான் பார்த்தது ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பதக்கம். காலை பத்தரைக்குக் கம்பி வைக்கத் தொடங்கியவர் ஒன்றே முக்காலுக்குக் கடையைச் சாத்தும்போது பாதிதான் முடித்திருந்தார்.

இனி நான் ஏமாந்த கதை. 2016இல், வந்த புதிதில், சுற்றுலாத் தெருவில் ஒரு கடையில் அலங்காரத் தட்டு ஒன்று வாங்கினேன். முழுக்கக் கைவேலை என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. 45 யூரோ கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து இந்தப் பட்டறைக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலருகே எடுத்துப் போய்ச் சாய்த்துப் பிடித்தார். தன் துண்டு ஒன்றை அதன் பக்கத்தில் பிடித்தார். எனக்கே தெரிந்துவிட்டது. அவர் துண்டில் கறுப்புப் பரப்பு முழுக்க அந்த மெல்லிய கீறல் வலை, தங்கக் கோடு துளி மேடாக, எந்த இரண்டு இதழும் ஒன்றுபோல இல்லை. என் தட்டில் கறுப்பு வழவழவென்று பெயின்ட் போல, இதழ் எல்லாம் ஒரே அச்சு.

ஆகவே சாய்த்துப் பாருங்கள். கீறலைத் தேடுங்கள். பின்பக்கம் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எச்சோ ஆ மானோ?’ என்று கேளுங்கள், கையால் செய்ததா என்று பொருள். கேட்டதும் செய்தவரின் பெயரைச் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

செப்டம்பர் 22, மாலை

விலை கேட்டிருக்கிறார் ஒருவர். நான் வாங்கியதை வைத்துச் சொல்கிறேன். இயந்திர வேலைக் காதணி 12 யூரோ. கைவேலை, அதே அளவு, 55. பெரிய தட்டுகள் எண்ணூறு, ஆயிரம் என்று ஏறும். அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

செப்டம்பர் 24

‘இயந்திர வேலை என்றாலே மோசடி’ என்று எழுதியவருக்கு: நானும் ஐந்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அச்சில் அழுத்திய தகட்டில் மின்முலாம் பூசியதும் தங்கம்தான், படலம் மெல்லியது, அவ்வளவே. பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டிக்கு 12 யூரோவில் ஒரு பதக்கம் வாங்குவதில் என்ன தவறு? இயந்திரத்தில் செய்ததைக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் மோசடி. அது வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. நான்கு மணிநேரம் குனிந்து தட்டியவர் 55 யூரோ கேட்டால், பக்கத்துக் கடையில் 20 யூரோவுக்குக் ‘கைவேலை’ கிடைக்கிறதே என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வைக்கிறது. என் கண்ணெதிரே அப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பட்டறைக்காரர் பதில் பேசாமல் மறுபடியும் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. இதே முறை நம் நாட்டிலும் உண்டு. ராஜஸ்தானில் வாள் பிடிகளில் செய்யும் கோஃப்த்கரி இதேதான்: எஃகில் கீறல், மேலே தங்கக் கம்பி, சுத்தியல். ஸ்பெயினிலும் இது அறுபடாமல் வந்த கலை என்று எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் வடக்கே பாஸ்க் நாட்டின் எய்பார் ஊரில், துப்பாக்கிக் கொல்லர் குடும்பத்தில் வந்த பிளாசிதோ சுலோவாகா போன்றவர்கள்தாம் இதை மீண்டும் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். எய்பாரில் வாங்கினாலும் அசல்தான்.

செப்டம்பர் 28

இனிப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் மர்சிபன், இங்கே மசபான். பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்து, சிறு உருவங்களாகப் பிடித்து, மேல் மட்டும் சிவக்கச் சூளையில் காட்டி எடுப்பது. ‘டொலேடோ மசபான்’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. அந்த முத்திரை வேண்டுமானால் எடையில் பாதியாவது பாதாம் இருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் பாதாமின் இடத்தைச் சர்க்கரையும் மாவும் பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். முதலில் நிற்கும் சொல் ‘அல்மெந்த்ரா’வாக இருக்க வேண்டும்.

இதன் பிறப்புக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1212இல் லாஸ் நாவாஸ் தெ தொலோசா போருக்குப் பின் வந்த பஞ்சத்தில் கோதுமை இல்லை. சான் கிளமென்தே மடத்துக் கன்னியர், கிடங்கில் இருந்த பாதாமையும் சர்க்கரையையும் தடியால் இடித்து ரொட்டியாக்கி ஊருக்குக் கொடுத்தார்கள். தடி ‘மாசா’, ரொட்டி ‘பான்’. கதை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்; வேறு பிறப்புக் கதை சொல்லும் ஊர்கள் ஐரோப்பாவில் பல. பாதாமையும் சர்க்கரையையும் சேர்த்து அரைக்கும் பழக்கம் அரபு அடுக்களையிலிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1856இலிருந்து செய்துவரும் சாந்தோ தொமே கடையில் வாங்கலாம், குறையே இல்லை. ஆனால் ஒருமுறையாவது கன்னியர் மடத்தில் வாங்குங்கள். அடைபட்ட மடம்; உள்ளே இருப்பவர்களை நீங்கள் பார்க்க முடியாது. சுவரில் மரத்தாலான ஒரு சுழல் பெட்டி இருக்கும், தோர்னோ என்பார்கள். மணியை அடித்தால் உள்ளிருந்து ஒரு குரல், ‘ஆவே மரியா பூரிசிமா.’ அதற்கு நீங்கள் ‘சின் பெகாதோ கொன்செபீதா’ என்று பதில் சொல்ல வேண்டும். மாசற்ற மரியே வாழ்க, ஜென்மப் பாவமின்றி உற்பவித்தவளே என்பது பொருள். முதல் முறை எனக்குப் பதில் தெரியவில்லை. ‘காலை வணக்கம் அம்மா’ என்றேன். உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது, வயதான சிரிப்பு. அரைக் கிலோ என்றேன். பணத்தைச் சுழல் பெட்டியில் வைத்தேன். அது சுழன்றது. பெட்டி, அதன்மேல் சரியான சில்லறை, சில்லறையின் பக்கத்தில் கேட்காத இரண்டு துண்டுகள் தனியாக ஒரு காகிதத்தில்.

பணமாகக் கொண்டு போங்கள். மதியம் அடைத்துவிடுவார்கள், ஆகவே முதல் வேலையாக மடம்.

சைவர்களுக்குக் கவலையில்லை, மசபான் முழுச் சைவம்.

செப்டம்பர் 29

தவறாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். நேற்றைய கடைசி வரியை அப்படியே விட்டிருக்கிறேன், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். திருத்திய வாசகருக்கு நன்றி.

பிசையும் கலவை பாதாமும் சர்க்கரையும்தான். ஆனால் மேல் பளபளப்புக்கு முட்டை தடவிச் சுடுவது வழக்கம். ‘தெலீசியாஸ்’ என்பதன் உள்ளே இனித்த முட்டைக்கரு. கிறிஸ்துமஸ் சமயத்தில் வட்டப் பெட்டியில் சுருண்டு படுத்திருக்கும் ‘அங்கீலா’ என்ற விலாங்கு மீன் உருவத்திலும் முட்டைக்கரு நிரப்புவார்கள். (மீன் உருவம் மட்டுமே, மீன் இல்லை.) முட்டை சேர்க்காதவர்கள் பெட்டியில் ‘உவேவோ’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

இதைவிட முக்கியம்: மசபானுக்குப் பக்கத்திலேயே விற்கும் ‘மந்தெகாதோ’, ‘போல்வொரோன்’ இரண்டும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பில் செய்பவை. பார்க்க நெய்பிஸ்கட் போலவே இருக்கும். என் மாமியார் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ‘மந்தேகா தெ செர்தோ’ என்று எழுதியிருந்தால் அது பன்றிக்கொழுப்பு.

அக்டோபர் 5

வாள். பையனுக்கு எத்தனை வயது என்று நீங்கள் சொல்லவில்லை.

டொலேடோ வாளின் புகழ் உண்மையான புகழ். இளகிய இரும்பை நடுவில் வைத்து, இருபுறமும் எஃகு போர்த்தி அடித்தார்கள். எஃகு வெட்டும், உள்ளிருக்கும் இரும்பு முறியாமல் வளையும். தாஹோ ஆற்று நீரில் தோய்த்ததால்தான் அந்த உறுதி என்று ஊரார் சொல்வார்கள். சூட்டைக் கண்ணால் அளந்த கொல்லரின் அனுபவம்தான் உறுதி தந்தது என்பேன் நான். 1761இல் மூன்றாம் கார்லோஸ் அரச வாள் ஆலையை நிறுவினார். ஆற்றோரம் உள்ள அதன் கட்டடம் இன்று பல்கலைக்கழக வளாகம்.

இப்போது கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை சுவரில் மாட்டுவதற்கான துருப்பிடிக்காத எஃகு. திரைப்படங்களில் வரும் வாள்களின் நகல்கள் வேறு. கையால் அடித்துத் தோய்க்கும் கொல்லர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களிடம் வாங்க வேண்டுமென்றால் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எதுவானாலும் விமானத்தில் கைப்பையில் ஏறாது. இந்தியாவுக்குக் கொண்டுபோவதென்றால் இன்னொரு சிக்கல்: அங்கே 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள வாளும் கத்தியும் ஆயுதச் சட்டத்தின் கணக்கில் வருகின்றன, உரிமம் கேட்பார்கள். சுங்கத்தில் விட்டுவிட்டு வருவதற்கா 150 யூரோ?

பையனுக்கு வாள் வடிவில் கடிதம் பிரிக்கும் கத்தி வாங்கிக் கொடுங்கள். தங்கப் பதிப்புள்ள பிடியோடு கிடைக்கும்.

அக்டோபர் 6

அதையும் பெரிய பெட்டியில் வையுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். என் தம்பியுடையதை எடுத்துக்கொண்டார்கள். வாங்கி ஒருநாள்கூட ஆகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று செவ்வாய் என்பதால் ஒரு செய்தி. டொலேடோவில் வாரச் சந்தைக்குப் பெயரே ‘எல் மார்தெஸ்’, செவ்வாய். நூற்றாண்டுகளாக அது கூடிய இடம் சொகொதோவேர் சதுக்கம். அந்தப் பெயரும் அரபுச் சொல், கால்நடைச் சந்தை என்று பொருள். இப்போது சந்தை பழைய ஊருக்கு வெளியே நடக்கிறது. துணியும் செருப்பும் காய்கறியும். நினைவுப்பொருள் தேடுபவருக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கும். ஊர்க்காரர்கள் தங்களுக்காக வாங்குவதைப் பார்க்க அங்கேதான் முடியும்.

தலவேரா மட்பாண்டம் பற்றி எழுதவே இல்லையே என்கிறார்கள். டொலேடோ கடைகளில் விற்பது டொலேடோவில் செய்ததல்ல. மேற்கே தலவேரா தெ லா ரெய்னா, அதையும் தாண்டி எல் புவென்தே தெல் அர்சோபிஸ்போ என்ற இரண்டு ஊர்களின் வேலை. வெள்ளை மெருகின்மேல் தூரிகையால் தீட்டுவது. தலவேராவுக்கு நீலமும் மஞ்சளும், புவென்தேவுக்குப் பச்சை. 2019இல் மெக்சிகோவின் புவெப்லா, திலாஸ்கலா வேலைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தூரிகைக் கோடு தொடங்குமிடத்தில் தடித்தும் முடியுமிடத்தில் மெலிந்தும் இருந்தால் கை தீட்டியது. புள்ளி புள்ளியாக ஒரே சீராக இருந்தால் ஒட்டுப்படம்.

கனம் என்பதை மறக்காதீர்கள். டொலேடோ முழுக்கக் கல் பாவிய ஏற்ற இறக்கம். காலையில் நான்கு தட்டு வாங்கிவிட்டு நாள் முழுவதும் சுமந்த தோள்வலி எனக்கு மூன்று நாள் இருந்தது. மட்பாண்டம் கடைசியில்.

அக்டோபர் 20

குங்குமப்பூ. லா மன்சா பெயருக்கும் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. எண் போட்ட முத்திரை இருக்கிற பொதியை மட்டும் எடுங்கள். இழையாக வாங்குங்கள், பொடி வேண்டவே வேண்டாம். ஒரு கிராமுக்கு 150க்கும் மேற்பட்ட பூக்கள், ஒவ்வொரு பூவிலும் மூன்றே இழை, எல்லாம் கையால் கிள்ளுவது. இளஞ்சூட்டில் வாட்டும்போது ஐந்தில் நான்கு பங்கு எடை போய்விடும். அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை. எடை ஒன்றுமில்லை, உடையாது, பால் பாயசத்தில் போட்ட அன்றே வீடு முழுக்க மணக்கும். நீங்கள் வரும் நாட்களில்தான் கொன்சுவேக்ராவில் காற்றாலைகளின் அடியில் குங்குமப்பூத் திருவிழா. அக்டோபர் கடைசி வார இறுதி. கார் இருந்தால் போங்கள்.

சீஸ்: மன்செகோ என்றால் மன்செகா இனச் செம்மறியாட்டின் பால் மட்டும். தோலில் எண்ணிட்ட சிறு வில்லை பதிந்திருக்கும். பாலை உறையவைக்க வழக்கமாக ரென்னெட் என்ற, கன்று குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள், ஆகவே கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 31

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். தங்கைக்குக் கைவேலைக் காதணி, அம்மாவுக்கு இரண்டு கிராம் குங்குமப்பூ. பையன் கடிதக் கத்தியோடு சமாதானம் ஆகிவிட்டானாம். மடம் மட்டும் அடைத்திருந்தது என்று வருத்தப்படுகிறார். பன்னிரண்டரை மணிக்குப் போயிருக்கிறார். முதல் வேலையாக மடம் என்று எழுதியிருந்தேனே!

ஒன்றை நான் சொல்லத் தவறிவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் 21 சதவீத வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். 2018 முதல் குறைந்தபட்சத் தொகை கிடையாது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தீவா’ படிவம் வாங்கி, விமான நிலைய இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் இங்கேயே வசிப்பதால் எனக்கு அது கிடையாது; அதனால் நினைவுக்கே வரவில்லை. அவருக்கு நஷ்டம் ஏறத்தாழ 9 யூரோ. அடுத்து வருபவர்களாவது கேட்டு வாங்குங்கள்.

டிசம்பர் 15

நேற்று அங்கீலா வாங்கப் போனேன். மடத்தில் மணி அடித்தபோது குரல் வேறாக இருந்தது, இளைய குரல், ஸ்பெயின்காரர் குரல் அல்ல. இப்போது எனக்குப் பதில் தெரியும், சொன்னேன். முன்பு பேசிய அம்மாவைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள், கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கேட்டிருக்கலாமே என்றுதான் இருந்தது.

பிறகு பட்டறை. பட்டறைக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. பிள்ளைகள் இருவரும் மாட்ரிட்டில் வேறு வேலையில் இருக்கிறார்கள். இவரோடு இந்தப் பட்டறை முடிந்துவிடும் என்று செப்டம்பரிலேயே எழுத நினைத்து, மனம் வராமல் விட்டிருந்தேன். எழுதாதது நல்லதாயிற்று. மேசையின் மறுபக்கம் ஒரு பெண் குனிந்து கத்தியால் தகட்டைக் கீறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் வருகிறாளாம், மூன்று மாதமாக. இன்னும் தங்கத்தைத் தொடவில்லை, கீறல் மட்டும். அவர் அவள் தகட்டை எடுத்துச் சன்னலில் சாய்த்துப் பார்த்து, ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவி, ‘இங்கே மறுபடியும்’ என்றார்.

அவள் செய்யும் முதல் பதக்கத்தை எனக்கு விற்பீர்களா என்று கேட்டேன். முதலாவது அவளுடைய அம்மாவுக்காம். இரண்டாவதற்கு என் பெயரைச் சுவர் நாட்காட்டியில், மே மாதப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.